வீசாதே என்று சொல்லும் பயிற்சியாளர்

2019 ஜூலை 25. ஜப்பானின் இவாதே மாகாணத்தில் பள்ளிகளுக்கான பேஸ்பால் இறுதி ஆட்டம். ஜெயிக்கிற ஒரே ஒரு அணிதான் கோஷியென் போகும். கோஷியென் என்பது பள்ளிகளுக்கான தேசிய பேஸ்பால் போட்டி, அந்த நாட்டில் அது ஒரு போட்டி மட்டும் இல்லை, திருவிழா. 1915இல் தொடங்கியது. தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இறுதிக்கு வந்திருந்த ஒஃபுனாத்தோ அரசுப் பள்ளி கடைசியாக அங்கே போனது 1984இல். சுனாமி 2011இல் அடித்துப் போட்ட கடற்கரை ஊர் அது. அவர்களிடம் ரோக்கி சசாகி என்று 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான், 190 செ.மீ. உயரம், அந்த ஏப்ரலில் ஒரு முகாமில் மணிக்கு 163 கி.மீ. வேகத்தில் வீசி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவன்.

இறுதி ஆட்டத்தில் அவன் ஒரு பந்துகூட வீசவில்லை. மட்டை பிடிக்கவும் இறங்கவில்லை. ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் இருந்தான். ஒஃபுனாத்தோ 2-12 என்று தோற்றது.

காயம் ஏதும் இல்லை. பயிற்சியாளர் கொகுபோ யோஹெய் வேண்டாம் என்று முடிவெடுத்தார், அவ்வளவுதான். நாலு நாள் முன்னால் பையன் 12 இன்னிங்ஸில் (பேஸ்பாலில் மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு அணியின் இன்னிங்ஸ் முடிந்தது) 194 பந்து வீசியிருந்தான், இறுதிக்கு முந்தின நாள் அரையிறுதியில் 129. வீசச் சொல்லியிருந்தால் வீசியிருப்பான், சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்ற பொருளில்தான் அவர் பிறகு பேசினார். பள்ளிக்குத் தொலைபேசியில் திட்டு விழுந்தது. ஜப்பான் பேஸ்பாலில் 3,085 ஹிட் அடித்துச் சாதனை வைத்திருக்கும் ஹரிமோட்டோ டிவியில் வந்து, வீச வைத்திருக்க வேண்டும், காயத்துக்கெல்லாம் பயந்தால் விளையாடவே கூடாது என்கிற ரீதியில் பேசினார். அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த ஜப்பானிய பிட்சர், அதாவது பந்து வீசுபவர், யூ தார்விஷ் அவருக்கு எதிராகக் கொடி பிடித்தார். தார்விஷுக்கு 2015இல் முழங்கையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, அதனால் அவர் பேச்சில் ஒரு சூடு இருந்ததில் வியப்பில்லை.

இளம் பேஸ்பால், சாஃப்ட்பால் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் 'அனுபவசாலி' என்றால் யார் என்பதைப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இரண்டு பக்கமும் அனுபவம்தான் பேசியது. ஹரிமோட்டோவுக்கு இல்லாத அனுபவமா? கொகுபோவுக்கு அப்போது வயது 32.

விவகாரம் புரிய வேண்டும் என்றால் முதலில் கையைப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கையை நீட்டினால் அது எறிதல், நோபால். முரளிதரனைச் சுற்றி நடந்த அத்தனை பஞ்சாயத்துக்கும் பிறகு 15 டிகிரி வரை விடலாம் என்று முடிவானது. பேஸ்பாலில் நாம் எதை 'எறிகிறான்' என்று குற்றம் சொல்கிறோமோ அதுதான் ஆட்டமே. முன்னங்காலை நீட்டி ஊன்றி, இடுப்பு முதலில் திரும்ப, நெஞ்சு ஒரு கணம் பின்தங்கித் திரும்ப, அதன் பின்னால் கை சாட்டை மாதிரி வருகிறது. தோள் உள்பக்கமாகச் சுழலும் வேகத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள்: வளர்ந்த வீரர்களிடம் நொடிக்கு ஏறக்குறைய 7,000 டிகிரி. அதே வேகம் நீடித்தால் ஒரு நொடியில் கை 19 சுற்று சுற்றிவிடும். அந்தச் சாட்டை சுழலும்போது முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கிறது, அதைப் பிளக்காமல் இழுத்துப் பிடித்திருப்பது சுண்டுவிரல் பக்கம் இருக்கும் ஒரு சின்ன லிகமென்ட், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிவைத்திருக்கும் நார். முழு வேகத்தில் வீசும் ஒவ்வொரு பந்துக்கும் அதன் மேல் விழும் இழுவை, அது தன்னந்தனியாகத் தாங்கக்கூடிய எல்லையையே தொடுகிறது என்கிறார்கள். சுற்றியுள்ள தசைகள் பாதிச் சுமையை வாங்கிக்கொள்வதால்தான் பிழைக்கிறது. தசை களைத்துவிட்டால்? சுமை முழுக்க நாருக்கு.

பிள்ளைகளிடம் கதை இன்னும் கொஞ்சம் வேறு. வளரும் வயதில் எலும்பு நுனிகளில் இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பட்டை ஒன்று உண்டு, எலும்பு நீளுவதே அங்கிருந்துதான். பத்துப் பன்னிரண்டு வயதில் நாரைவிட அந்தப் பட்டைதான் பலவீனம். அதிகமாக வீசும் பையனுக்கு நார் அறுவதற்கு முன் அந்தப் பட்டை விரிசல் விடும். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பின் பெயரால் 'லிட்டில் லீக் முழங்கை' என்றே டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், தோளுக்கும் தனியாக ஒன்று உண்டு. சசாகி விஷயத்திலும் இதுதான். அவன் உயரம்தான் ஆளை அசத்தியதே தவிர எலும்பு இன்னும் முழுசாக முற்றவில்லை என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. 163 கி.மீ. வேகத்தை அந்த எலும்பின் மேல் எத்தனை தடவை ஏற்றலாம் என்பதுதான் கொகுபோவின் முன் இருந்த கேள்வி.

இங்கே ஒரு சின்னச் சோதனை. உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு மணிக்கட்டை லேசாக உங்கள் பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு நரம்பு மாதிரி எழும்பி நிற்கும், சிலருக்கு நிற்காது. அது நரம்பு இல்லை, ஒரு தசைநாண், இன்றைய மனிதனுக்கு அதனால் பெரிதாக ஒரு பிரயோஜனமும் இல்லை, இல்லாமலே பிறப்பவர்கள் ஏராளம். 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் ஃப்ராங்க் ஜோப் என்ற டாக்டர், டாமி ஜான் என்ற இடக்கை பிட்சரின் வலது கையிலிருந்து இதைத்தான் உருவி, அறுந்துபோன இடது முழங்கையில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். அதற்கு முன் அந்த நார் அறுந்தால் பிட்சரின் கதை முடிந்தது என்று அர்த்தம். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து, 46 வயதுவரை ஆடி, அறுவைக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டம் ஜெயித்தார். அறுவை சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அமெரிக்காவின் உயர்மட்ட பிட்சர்களில் மூவரில் ஒருவர் அதைச் செய்துகொண்டவர்.

சாதனைதான். ஆனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. அறுந்தாலும் கட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம் ஊருக்குள் இறங்கிவிட்டது. அறுவை செய்தால் முன்பைவிட வேகமாக வீசலாம் என்று நம்பி நல்ல கையோடு டாக்டரிடம் போய்க் கேட்ட பெற்றோர்கூட உண்டு. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற எலும்பு மருத்துவர் வருஷத்துக்கு வருஷம் தன் அறுவை மேஜைக்கு வரும் பிள்ளைகளின் வயது குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து மிரண்டுதான் வெளியே பேச ஆரம்பித்தார். அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் கிளென் ஃப்ளைசிக் என்ற பொறியாளரும் மற்றவர்களும் அறுவை ஆன பிள்ளைகளையும் ஆகாத பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவு இது: வருஷத்தில் 8 மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களுக்கு அறுவைக்குப் போகும் வாய்ப்பு 5 மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டே இருந்தவர்களுக்கு 36 மடங்கு.

36 என்பது அச்சுப் பிழை இல்லை. மற்ற எல்லா எண்ணையும் மறந்துவிடலாம், இது ஒன்று போதும். பயிற்சியாளரின் வேலை எது என்பதை அந்த ஆய்வு தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டது: களைப்பைக் கண்டுபிடிக்கிற வேலை.

சரி, அதற்குத்தான் விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் அக்கம்பக்கத்துப் பையன்களை வைத்துத் தொடங்கிய லிட்டில் லீக், வெகுகாலம் இன்னிங்ஸ் கணக்கு வைத்துத்தான் பிட்சர்களைக் கட்டுப்படுத்தியது. ஒரு இன்னிங்ஸில் 8 பந்திலும் மூன்று பேரை அனுப்பலாம், 40 பந்தும் ஆகலாம், ஆகவே அது ஒரு கணக்கே இல்லை. 2007இல் பந்து எண்ணிக்கைக்கு மாறினார்கள். 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75, 11, 12 வயதுக்கு 85. 66ஐத் தொட்டால் நாலு நாள் ஓய்வு. எனக்குப் பிடித்தது கேட்சர் விதி, கேட்சர் என்றால் மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்: 41 பந்தோ அதற்கு மேலோ வீசிய பிள்ளை அன்றைக்குக் கேட்சராக உட்காரக் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிய வேண்டும், அதை யாரும் எண்ணுவதில்லை. அதை எழுதியவர் எவரோ, மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர்தான்.

ஆனால் விதி ஒரு லீகுக்குள்தான் செல்லும். பையன் சனிக்கிழமை ஊர் லீகில் 70 பந்து வீசிவிட்டு ஞாயிறு காலை வேறு சட்டை மாட்டிக்கொண்டு பயண அணிக்கு 70 வீசினால் இரண்டு நோட்டுப் புத்தகத்திலும் கணக்குச் சரியாக இருக்கும். இந்தப் பயண அணிகள் இன்று பெரிய வியாபாரம், காசு கட்டி, ஊர் ஊராகக் கார் ஓட்டி, ஹோட்டலில் தங்கி, பத்து வயசுப் பிள்ளைக்கு வருஷம் முழுக்க சீசன். அப்புறம் வேகமானி. வேலி ஓரத்தில் யாராவது ஒருவர் கையில் அது இருக்கும், எண் தெரிந்தவுடன் பையன் முகம் மாறும், அடுத்த பந்தை இன்னும் முக்கி வீசுவான். ஜான் ஸ்மோல்ட்ஸ் 2015இல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது, டாமி ஜான் அறுவைக்குப் பிறகு அந்த மேடை ஏறிய முதல் பிட்சர் அவர், தன் பேச்சில் பாதியில் நிறுத்திப் பெற்றோர்களைப் பார்த்துச் சொன்னது இதைத்தான்: பேஸ்பால் வருஷம் முழுக்க ஆடுகிற ஆட்டம் இல்லை, பிள்ளைகளை வேறு விளையாட்டும் விளையாட விடுங்கள்.

இங்கேதான் நல்ல பயிற்சியாளரின் கண் வருகிறது. எண்ணிக்கை ஒரு வேலி, அதற்கு உள்ளேயும் விழுந்து அடிபடலாம். ஒரு பையனுக்கு 60இல் வரும் களைப்பு இன்னொருவனுக்கு 35இல் வரும், முதல் நாள் இரவு தூங்காதவனுக்கு இருபதிலேயே வரும். கேட்டால் சொல்வானா? மாட்டான். 'கை எப்படி இருக்கு?' என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில், 'நல்லா இருக்கு.' ஆகவே தெரிந்தவர்கள் கேட்பதில்லை, பார்க்கிறார்கள். முழங்கை தோளுக்குக் கீழே இறங்க ஆரம்பிக்கிறதா. பந்து உயரமாகவே போகிறதா, களைத்த கை பந்தைத் தாமதமாக அல்ல, சீக்கிரமே விட்டுவிடும், அதனால் மேலே போகும். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறதா. தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் கையை உதறுகிறானா. பெஞ்சுக்கு வந்ததும் தண்ணீர் பாட்டிலை எந்தக் கையால் எடுக்கிறான். கடைசியில் சொன்னது அற்பமாகத் தெரியும், ஆனால் வலிக்கிற கையை யாரும் பார்க்காதபோது பிள்ளை காப்பாற்றிக்கொள்ளும்.

வளர்த்தி இன்னொரு விஷயம். ஒரு கோடை விடுமுறைக்குள் நாலு விரற்கடை வளர்ந்துவிட்டுத் திரும்பும் பையனுக்குக் கை கால் நீளம் புதுசு, போன வருஷம் துல்லியமாக வீசியவன் இப்போது கேட்சர் தலைக்கு மேலே வீசுவான். அனுபவம் இல்லாதவர் பாணி கெட்டுவிட்டது என்று பதறி எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பிப்பார். தெரிந்தவர் பந்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பார். கர்வ்பால் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான், வளைந்து போகும் பந்து சின்னக் கையைக் கெடுக்கும் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள், அளந்து பார்த்தபோது பிள்ளைகளின் முழங்கையில் ஃபாஸ்ட்பால்தான் அதைவிட அதிக இழுவை தருகிறது என்று வந்தது. ஆனாலும் பழைய ஆட்கள் முதலில் ஃபாஸ்ட்பால், அடுத்து அதே வீச்சில் மெதுவாக வரும் சேஞ்சப், மீசை அரும்பிய பிறகு கர்வ் என்ற வரிசையை மாற்றவில்லை. காரணம் வேறு: பத்து வயதில் கர்வ் போடத் தெரிந்த பையனால் எல்லாரையும் அவுட் ஆக்க முடியும், அதனால் அவன் வேறு எதையும் கற்றுக்கொள்ள மாட்டான், அவனை ஜெயிப்பதற்காகவே தினமும் இறக்குவார்கள்.

பயிற்சி என்றால் பிட்சர் மட்டும் இல்லை. எனக்குப் பார்க்கப் பிடித்தது ஃபங்கோ. இது பயிற்சியாளர்கள் மட்டும் பயன்படுத்தும் மட்டை, நீளம், ஒல்லி, எடை குறைவு. தானே பந்தைத் தூக்கிப் போட்டுத் தானே அடித்து ஃபீல்டர்களுக்குப் பிடிக்கக் கொடுப்பதற்கு. நல்ல ஆள் கையில் இது எழுதுகோல் மாதிரி. பிள்ளைக்கு இடப்பக்கம் இரண்டு எட்டு, கொஞ்சம் கடினம், அடுத்தது ஒன்றரை எட்டு, பிடித்துவிடுவான், முகம் மலரும், அடுத்தது மூன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனுடைய எல்லையின் விளிம்பில் பந்தைப் போய் விழ வைப்பது. இதே ஃபங்கோ ஜப்பானில் 'ஆயிரம் நாக்' என்று ஒரு சடங்கானது, பையன் விழும்வரை பந்து அடித்துக்கொண்டே இருப்பது. வசேதா பல்கலைக்கழகத்தில் 1920களில் பயிற்சியாளராக இருந்த தொபிதா சுய்ஷு, பேஸ்பாலை ஒரு தவமாகவே பார்த்தார், 'மரணப் பயிற்சி' என்பது அவர் சொல். அந்த மரபில்தான் 1998இல் மட்சுசாகா என்ற பள்ளி பிட்சர் கோஷியென் கால் இறுதியில் 17 இன்னிங்ஸ் 250 பந்து வீசினான், மறுநாளும் கடைசி இன்னிங்ஸில் இறங்கினான், அதற்கு மறுநாள் இறுதியில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஜெயித்தான். நாடே கொண்டாடியது. நானும் அந்தக் கதையை வாய் பிளந்துதான் படித்தேன். 2011இல் மட்சுசாகாவுக்கும் அதே முழங்கை அறுவை. 250 பந்துதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, நடுவில் 13 வருஷம். ஆனால் மட்சுசாகா மாதிரி ஆகப் பார்த்து உயர்நிலைப் பள்ளியிலேயே கை போன பிள்ளைகளை எந்தப் பத்திரிகையும் எண்ணவில்லை. 2018இல் யோஷிதா கோசெய் என்ற விவசாயப் பள்ளிப் பையன் ஒரே கோஷியெனில் 881 பந்து வீசிய பிறகுதான் பேச்சு சூடு பிடித்து, 2020இல் வாரத்துக்கு 500 என்று வரம்பு வந்தது. 500! லிட்டில் லீக் தாத்தாக்கள் மயங்கி விழுவார்கள்.

இப்போது சாஃப்ட்பால். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, பந்து மெத்தென்று இருக்காது, சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலைவிடப் பெரியது, அடிபட்டால் தெரியும். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்பது 43 அடியில், பேஸ்பாலில் அது 60 அடி 6 அங்குலம். கையைக் காற்றாலை மாதிரி முழு வட்டம் சுற்றி இடுப்புக்குக் கீழே விடுவார்கள். இதில் ஒரு பழைய நம்பிக்கை, கீழ்க்கை வீச்சு இயற்கையானது, கை வலிக்காது, ஆகவே எத்தனை வேண்டுமானாலும் வீசலாம் என்று. பேஸ்பாலில் பந்து எண்ணிக்கைக்கு இருக்கும் கெடுபிடி பெண்கள் பக்கம் வராமல் போனதற்கு இந்த ஒரு வரி நம்பிக்கைதான் பெரிய காரணம். உண்மையில் இங்கே சுமை தோளின் முன்பக்கம், மேல்கைத் தசை தோளோடு சேரும் இடத்தில் விழுகிறது. முழங்கையில் தேடினால் கிடைக்காது என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?

என் மகள் பத்து வயதில் அமெரிக்காவில் ஒரு புறநகர் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்தாள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவளுடைய பயிற்சியாளர் ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, பந்து போட்டு வைக்கும் பிளாஸ்டிக் வாளியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார், அங்கே பாதிக் கோச்சுகளுக்கு நாற்காலி அதுதான். ஒரு நாளைக்கு ஒரு விஷயத்துக்கு மேல் சொல்ல மாட்டார். பக்கத்து மைதானத்தில் இளைஞர் ஒருவர் தன் பிள்ளைகளிடம் மணிக்கட்டை இப்படி, இடுப்பை அப்படி, கால் விரல் அந்தப் பக்கம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் சிலை மாதிரி விறைத்து நிற்பார்கள். தாத்தா என் மகளைக் கம்பி வேலிக்கு எதிரே நிறுத்தி, வேலி அலற வேண்டும், அவ்வளவுதான் என்றார். அவள் வீச வீச அது 'ஜங்' என்றது. கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கை தானாக அது போக வேண்டிய வழியில் போனது. இதற்குப் பின்னால் ஆராய்ச்சி இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியும்: கேப்ரியேல வுல்ஃப் என்பவர் 1990களின் கடைசியிலிருந்து திரும்பத் திரும்பச் செய்து காட்டியது, உடம்பின் மேல் கவனம் வைப்பவரைவிட உடம்புக்கு வெளியே, பந்து போய்ச் சேரும் இடத்தின் மேல் கவனம் வைப்பவர் சீக்கிரம் கற்கிறார் என்று. தாத்தா அதைப் படித்திருப்பார் என்று தோன்றவில்லை.

அதே ஊரில் ஒரு வாரக்கடைசிப் போட்டியில் எதிரணிச் சிறுமி ஒருத்தி ஒரே சனிக்கிழமை நாலு ஆட்டம் வீசியதையும் பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் பிறகு தோளை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் பயிற்சியாளரும் பல வருஷ அனுபவம் உள்ளவர்தான், கோப்பைகளும் நிறைய. வீட்டுக்கு வரும் வழியில் காரில், "கண்ணு, உனக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாள். அவள் அன்றைக்கு ஒரு பந்துகூட வீசவில்லை, அவுட்ஃபீல்டில் நின்றாள். ஆனாலும் கேட்கத் தோன்றியது.

கோப்பைக்கும் கற்பித்தலுக்கும் உள்ள உறவைப் பற்றி நல்ல தரவு ஒன்று உண்டு, பேஸ்பால் உலகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாதது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித், ஃப்ராங்க் ஸ்மோல் இருவரும் 1970களில் ஆட்களை லிட்டில் லீக் மைதானங்களுக்கு அனுப்பிப் பயிற்சியாளர் செய்வதை எல்லாம் வகை பிரித்து எண்ண வைத்தார்கள்: பாராட்டினாரா, தவறுக்குப் பிறகு தைரியம் சொன்னாரா, திட்டினாரா, கண்டுகொள்ளாமல் விட்டாரா. பிறகு பயிற்சியாளரிடமே நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று கேட்டார்கள், பிள்ளைகளிடமும் கேட்டார்கள். பிள்ளைகள் சொன்னதுதான் எண்ணிக்கையோடு அதிகம் ஒத்துப்போனது. பெரியவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு கத்துகிறோம் என்பதே தெரியவில்லை. அடுத்து, ஒரு பகுதிப் பயிற்சியாளர்களுக்குச் சில மணி நேர வகுப்பு ஒன்று எடுத்தார்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை, முயற்சியை உடனே பாராட்டு, தவறு செய்த பிள்ளைக்கு அது தவறு என்று ஏற்கெனவே தெரியும், ஆகவே தைரியம் சொல்லிவிட்டு அடுத்த தடவை எப்படிச் செய்வது என்று மட்டும் சொல், இந்த ரகம்தான். 1992இல் வெளியான கணக்கு: வகுப்புக்குப் போகாத பயிற்சியாளர்களின் பிள்ளைகளில் 26 சதவீதம் அடுத்த வருஷம் திரும்பி வரவில்லை. போனவர்களிடம் 5 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஆக, பல வருஷம் என்பது தன்னளவில் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே வருஷத்தை முப்பது தடவை செய்தவரும் இருக்கிறார், முப்பது வருஷமும் கண்ணைத் திறந்து வைத்திருந்தவரும் இருக்கிறார், இரண்டு பேரும் வாளி மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள், தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது.

ஜப்பானிய சாஃப்ட்பால் பிட்சர் யுகிகோ உவேனோ கதையில் இரண்டு காலமும் ஒரே ஆள் மேல் நடந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக இரண்டு நாளில் மூன்று சாஃப்ட்பால் ஆட்டம், 413 பந்து, தங்கம். அந்த எண் ஜப்பானில் ஒரு காவியத்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. 13 வருஷம் கழித்து டோக்கியோவில், 39 வயதில், மறுபடி அமெரிக்காவுக்கு எதிரே இறுதி ஆட்டம். இந்தத் தடவை பயிற்சியாளர் உட்சுகி ரெய்கா, அவரே பழைய ஒலிம்பிக் வீராங்கனை. ஆறாவது இன்னிங்ஸில் உவேனோவை எடுத்துவிட்டு கோத்தோ மியு என்ற இளம் பிட்சரைக் கொண்டுவந்தார், தங்கம் தொங்கிக்கொண்டிருக்கும்போது. சாஃப்ட்பாலில் தொடக்க வீரர் வெளியே போய் ஒரு தடவை திரும்பி வரலாம் என்று விதி உண்டு. கடைசி இன்னிங்ஸுக்கு உவேனோ திரும்பி வந்து முடித்தார், 2-0.

சசாகிக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லை. சிபா லோத்தே என்ற தொழில்முறை அணி அவனை எடுத்தது. அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளர் யோஷீ மசாத்தோ, அமெரிக்காவிலும் வீசியவர், பயிற்சியாளர் ஆன பிறகு நடுவயதில் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர்ந்து பயிற்சியியலில் முதுகலை படித்தவர். கொகுபோ படித்ததும் அதே ட்சுகுபா. முதல் வருஷம், 2020 முழுக்க, சசாகியை முதல் அணியோடே சேர்த்து ஊர் ஊராக அழைத்துப்போனார்கள், ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், எடை தூக்கினான், கொஞ்சம் வீசினான். ரசிகர்கள் பொறுமை இழந்தார்கள்.

2022 ஏப்ரல் 10, ஓரிக்ஸ் அணிக்கு எதிரே 27 பேர் மட்டை பிடிக்க வந்தார்கள், ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை. 19 பேர் பந்தை அடிக்க முடியாமலே ஸ்ட்ரைக் அவுட், அதில் 13 பேர் வரிசையாக. 28 வருஷத்துக்குப் பிறகு ஜப்பானில் ஒரு பெர்ஃபெக்ட் கேம், 105 பந்தில். கேட்சர் அப்போதுதான் பள்ளி முடித்து வந்த 18 வயதுப் பையன்.

இதைக் காட்டிப் பார்த்தீர்களா, காத்திருந்ததால் கிடைத்தது என்று சொல்ல ஆசைதான். அவ்வளவு நேராக இல்லை. 2025இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குப் போன முதல் சீசனிலேயே தோள் பிரச்சினையில் பல மாதம் வெளியே இருந்தான். எவ்வளவு பார்த்துப் பார்த்துக் காத்தாலும் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது, காக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு முன்னால் கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. 2019இன் தீர்ப்பு சரியா என்று எந்த ஆட்டமும் நிரூபிக்கப் போவதில்லை.

பெர்ஃபெக்ட் கேமுக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 17, நிப்பான் ஹாம் அணிக்கு எதிரே மறுபடி இறங்கினான். எட்டு இன்னிங்ஸ், 24 பேர், மறுபடி ஒருவரும் பேஸைத் தொடவில்லை. தொடர்ந்து இரண்டு பெர்ஃபெக்ட் கேம் என்பது ஜப்பானிலோ அமெரிக்காவிலோ பெரிய லீகில் நடந்ததில்லை, இன்னும் மூன்று பேர்தான் பாக்கி. 102 பந்து ஆகியிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வேறு பிட்சர் வந்தார். சசாகி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவதில் எதிரணி ஒரு ஹோம் ரன் அடித்தது, லோத்தே 0-1 என்று தோற்றது.